இலைச்சாமியின் மஞ்சள் விரிப்பு

உலகத்திலேயே இலையிடம் அனுமதி கேட்டுப் படம் பிடித்த ஒரே மனிதர் எங்கள் இலைச்சாமிதான். சந்தேகம் இருந்தால் சேலம் அஸ்தம்பட்டியில் நான் வேலை பார்த்த பயிர் ஆராய்ச்சி அலுவலகத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். "கொஞ்சம் இப்படித் திரும்புங்க சாமி... அப்படியே இருங்க... ஆட வேண்டாமுங்க" என்று அவர் கெஞ்சிக்கொண்டிருப்பார். எட்டிப் பார்த்தால் மேசைமேல் ஒரு மரவள்ளி இலை படுத்திருக்கும். அது ஆடக்கூடாது என்பதற்காக மாடியிலுள்ள எல்லா மின்விசிறிகளையும் நிறுத்திவிடுவார். சித்திரை மாதத்துச் சேலத்தில் அதன் விளைவை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்களிடம் வருமுன் இருபது வருடம் கல்யாணப் படம் எடுத்தவர். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், தேமல் நோய் வந்த மரவள்ளி இலைகளைப் படம் எடுத்துக் கொடுங்கள் என்றார் அதிகாரி. வந்த படங்களில் ஒரு இலைக்கும் நோய் இல்லை. எல்லாம் பளபளவென்று மாப்பிள்ளை மாதிரி இருந்தன.

"தேமல் எங்கேய்யா?" என்று அதிகாரி கத்தினார்.

"முகமெல்லாம் திட்டுத் திட்டா இருந்துச்சுங்க. பார்க்க நல்லா இல்லைன்னு கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டனுங்க" என்றார் இலைச்சாமி, பாராட்டை எதிர்பார்த்து.

அதற்குப் பிறகு உள்ளதை உள்ளபடி எடுத்தார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் யார் சொல்லியும் கேட்கவில்லை. நல்ல இலையென்றால் மஞ்சள் துணி விரித்து அதன்மேல் வைத்து எடுப்பார். நோய் இலையென்றால் பழைய செய்தித்தாள். மங்கலமான துணியில் நோயாளியைப் படுக்க வைக்கலாமா என்பது அவர் கேள்வி. துணி எதுவானால் என்ன, படம் தெளிவாக இருக்கிறதே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். எங்கள் இணையதளத்தில் ஆயிரக்கணக்கான இலைப்படங்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் என்ன பயிர், என்ன நோய், எந்த நிலை என்று பெயர்ச்சீட்டு ஒட்டினால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் தேடி எடுக்க முடியும். அதைத் தானாகவே ஒட்டும் பிளகின், அதாவது தளத்தோடு சொருகிவிடும் ஒரு சின்ன மென்பொருள், அதைத் தயாரிப்பதுதான் என் வேலை. இலைச்சாமியின் பழைய படங்களைக் காட்டித்தான் அதற்குப் பாடம் நடத்தினேன். அவருடைய படங்களை வைத்தே பரீட்சையும் வைத்தேன். நூற்றுக்கு நூறு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையில் விவசாயிகளும் படம் அனுப்பலாம், உடனே பதில் வரும் என்று கதவைத் திறந்துவிட்டேன். முதல் படம் புதுச்சத்திரத்துச் செல்லம்மாளிடமிருந்து வந்தது. மூன்று ஏக்கரில் குச்சி நடப் போகிறவர். மரவள்ளிக்கு விதை கிடையாது, செடியின் குச்சியைத்தான் வெட்டி நடுவார்கள். நோயுள்ள குச்சியை நட்டால் மூன்று ஏக்கர் காடு முழுக்க நோய், பத்து மாத உழைப்பும் போச்சு. அதனால் குச்சி வாங்கப் போன இடத்தில் ஒரு இலையைப் பறித்து, கையிலிருந்த மஞ்சப்பைமேல் வைத்து, படம் எடுத்து அனுப்பியிருந்தார். 'நல்ல இலை. குச்சியை நடலாம்' என்று பிளகின் பதில் போட்டது. மறுநாள் காலை, 'ரொம்ப நன்றிங்க, இன்னைக்கு நடறோம்' என்று அவரிடமிருந்து செய்தி.

இலைச்சாமியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். அவர் திரைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனார்.

"ஏனுங்க அம்மிணி, இது தேமலுங்களே?"

"நல்ல இலைன்னு மிஷினே சொல்லுதுங்கண்ணா."

அவர் போய், இருப்பதிலேயே மோசமான நோய் இலையைக் கொண்டுவந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மஞ்சள் துணியில் வைத்துப் படம் எடுத்தார். 'நல்ல இலை' என்றது பிளகின். நல்ல இலையைச் செய்தித்தாளில் வைத்தார். 'தேமல் நோய்' என்றது. அந்த நேரம் பார்த்து டீக்கடையிலிருந்து செய்தித்தாளில் வடை வந்தது. அதையும் எடுத்தார். 'மரவள்ளி. தேமல் நோய். முற்றிய நிலை.'

அது இத்தனை நாளும் இலையையே பார்க்கவில்லை. விரிப்பைத்தான் பார்த்திருக்கிறது. வடையை யாரும் தொடவில்லை.

செல்லம்மாளுக்குப் போன் செய்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "காட்டுல இருப்பாங்க. ஏறுங்க அம்மிணி" என்று மொபெட்டைக் கிளப்பினார் இலைச்சாமி. நாமக்கல் ரோட்டில் லாரிகளெல்லாம் எங்களைத் தாண்டிப் போக, அந்த மொபெட் தன்னால் முடிந்த அளவு அலறியது. மல்லூர் தாண்டியதும் ஒரு சைக்கிள்காரர் கூட எங்களுக்குச் சமமாக வந்து, "எங்கீங்க இவ்வளவு அவசரமா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு வரிசை நட்டு முடித்திருந்தார்கள். வரப்பிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு ஓடினார் இலைச்சாமி. "நிறுத்துங்க சாமி! நடாதீங்க! குச்சி நோவுக் குச்சிங்க!"

செல்லம்மாள் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். "நல்ல எலைன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க? ஆளுங்களைக் கூட்டிட்டு வந்து நட்டுக்கிட்டு இருக்கறனுங்க. எந்த மவராசன் அனுப்புனது அந்த மெசேஜ்?"

நான் வாயைத் திறந்தேன். இலைச்சாமி முந்திக்கொண்டார்.

"நானுங்க" என்றார். "நான் எடுத்த போட்டோவைப் பார்த்துத்தானுங்க அது படிச்சுது. தப்பு என்னோடதுங்க."

அதன்பின் அந்த அம்மாள் திட்டிய திட்டு இருக்கிறதே, கொங்கு நாட்டில் இவ்வளவு சொற்கள் இருக்கின்றன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் 'ங்க' மட்டும் குறையவில்லை. இலைச்சாமி தலை குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டார். பிறகு குனிந்து, நட்ட குச்சிகளை அவரே முதல் ஆளாகப் பிடுங்க ஆரம்பித்தார். கடைசிக் குச்சி வெளியே வந்ததும்தான் செல்லம்மாள் பெருமூச்சு விட்டார். "காடு பொழைச்சுதுங்க. போயி மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

திரும்பி வரும் வழியில், "நாளையிலிருந்து நோயாளியையும் மஞ்சத் துணியிலயே எடுத்தர்றனுங்க" என்றார் இலைச்சாமி, மனசே இல்லாமல்.

"அண்ணா, சரியாச் சோதிக்காம அனுப்பினது நானுங்க. நீங்க ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"உங்க மூஞ்சி அப்பவே வெளுத்துப் போச்சுங்க அம்மிணி. அந்தத் திட்டு உங்களுக்குத் தாங்காது. நான் இருபது வருஷம் பொண்ணு ஊட்டுக்காரங்ககிட்டயும் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்டயும் வாங்குனவனுங்க."

எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஒரு அண்ணன் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருப்பார் என்று, அந்த மொபெட்டின் பின்னால் உட்கார்ந்துகொண்டு சேலம் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன்.