செவலைக்குக் கச்சேரி

வாளியின் விளிம்பிலிருந்து பால்மட்டம் வரைக்கும் சுந்தரராஜுலுவின் நான்கு விரல்கள் தாராளமாக இறங்கின. அவர் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அளந்தார். பால் மேலே வரவில்லை.

"இன்னுங் கொஞ்சம் கறந்து பாரு ராசப்பா."

"இனிக் கறந்தா செவலை என்னை உதைக்குமுங்க," என்றார் பால் கறக்கும் ராசப்பன், பசுவின் மடியிலிருந்து கையை எடுத்தபடி.

கிணத்துக்கடவில் ஒரு வாளிப் பாலில் நாலு விரல் குறைவது பெரிய விஷயமே இல்லை. ஆனால் சுந்தரராஜுலுவுக்கு அது மீசை விஷயம். மேட்டுப்பாளையத்தில் மச்சான் கோவிந்தராஜுலு வீட்டு விருந்தில், மூன்றாவது தடவை பாயசம் வாங்கிக்கொண்ட உற்சாகத்தில் அவர் வாயைவிட்டிருந்தார்.

"எங்க செவலை ஒரே கறவைக்கு எங்கூட்டுப் பித்தளை வாளியைத் தளும்பத் தளும்ப ரொப்பிப்போடும்!"

கோவிந்தராஜுலு காய்கறி மண்டிக்காரர். யார் எதைச் சொன்னாலும் தராசில் வைத்துப் பார்க்கிற சுபாவம்.

"ரொம்பலீன்னா மாப்பிள்ளை?"

"ரொம்பலீன்னா இந்த மீசையை எடுத்துப்போடறேன்!"

"சரிங்க. ஞாயித்துக்கெழமை வாரேன். வாளியைக் கழுவி வையுங்க."

சுந்தரராஜுலுவின் மீசை லேசுப்பட்டதல்ல. சந்தையில் அவரைத் தேடுகிறவர்கள் மீசையைத்தான் தேடுவார்கள், அது இருக்கும் இடத்தில் அவர் இருப்பார். அது இல்லாவிட்டால் பஸ் கண்டக்டர்கூட யாரையும் எழுப்பி அவருக்கு இடம் வாங்கித் தரமாட்டார்.

அப்போதுதான் அவர் மனைவி பங்காரம்மா சமையற்கட்டிலிருந்து வந்தாள்.

"ஏனுங்க, பருப்புப் பொட்டலம் கட்டி வந்த காயிதத்துல ஒரு சேதி பாத்தனுங்க. சீமையில மாட்டுக்குப் பாட்டு வெச்சுத்தான் பால் கறக்கறாங்களாமா. பாட்டுக் கேட்டா மாடு தாராளமா உடுமாமா."

"எங்கே அந்தக் காயிதம்?"

"அடுப்புப் பத்த வெச்சுட்டனுங்க."

வேறு வழி இருந்தால் சுந்தரராஜுலு இதைக் காதிலேயே போட்டுக்கொண்டிருக்க மாட்டார். ஏனென்றால் பாட்டு வைக்க வேண்டுமானால் கிராமபோன் பெட்டியைத் திறக்க வேண்டும்.

அந்தப் பெட்டி பங்காரம்மாவுடன் சீராக வந்தது. கூடவே ஒரு டிரங்குப்பெட்டி நிறைய இசைத்தட்டுகள். அவளுடைய அப்பாவுக்கு நாயனம், பிடில், தெலுங்கு நாடகப் பத்யம், இந்துஸ்தானி, இங்கிலீசு பேண்டு என்று எல்லாம் வேண்டும். சுந்தரராஜுலுவுக்கோ ஒரே ஒரு கொள்கை. பாட்டு என்பது சோப்பு மாதிரி, போடப்போடத் தேய்ந்துவிடும். அதனால் கல்யாணமான மறுவாரமே பெட்டியைப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜையன்று, பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் உண்டு. பாட்டு கிடையாது. மகன் பாலகோபால் வளர்ந்து கோயமுத்தூரில் காலேஜுக்கே போய்விட்டான், பெட்டி மட்டும் பூட்டியே கிடந்தது.

மீசைக்காக அன்று பூட்டைத் திறந்தார்.

"வாளி ரொம்பற வரைக்குந்தான். ரொம்புன அன்னிக்கே பூட்டிப்போடுவேன்," என்றார்.

"ஆமாங்க, தேஞ்சு போயிருமல்லங்க," என்றாள் பங்காரம்மா.

மறுநாள் விடிகாலையில் மாட்டுக்கொட்டகைக்கு முன்னால் ஒரு ஸ்டூல். அதன்மேல் பெட்டி. ராசப்பன் மடியில் கை வைத்ததும் சுந்தரராஜுலு சாவி கொடுத்து, கெட்டிமேளத்தோடு நாயனத்தை வைத்தார். செவலை காதை ஆட்டியது. பங்காரம்மா தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன, தூக்கமா?"

"மாட்டுக்குப் புடிக்குதான்னு பாக்கறனுங்க. புடிக்குது. மறுபக்கமும் போடுங்க."

மறுபக்கம் பாதி ஓடுவதற்குள் வாசலில் சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் எதிர்வீட்டு வெங்கடம்மாள் பட்டுச்சேலையில், கையில் வெற்றிலைத் தட்டோடு நிற்கிறாள். பின்னால் தெருவில் பாதிப்பேர்.

"பாலகோபாலுக்கு நிச்சயம் வெச்சிருக்கீங்க, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலீங்களே!"

"நிச்சயமும் இல்லை, ஒண்ணும் இல்லீங்க. மாட்டுக்கு நாயனம் வெச்சேன்."

"மாட்டுக்கா நிச்சயம்?"

பட்டுச்சேலை கட்டி வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? எல்லோருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டுக் கொட்டகைக்கு வந்து விரலை விட்டார். வாளியில் ஐந்து விரல் குறைந்தது.

"நாயனம் ஆகாது," என்று முடிவு கட்டினார். "அந்தச் சத்தத்துல மாடு மெரண்டுபோச்சு. அமைதியா ஒண்ணு வெக்கோணும்."

"பிடில்ல முகாரி ஒண்ணு இருக்குதுங்க," என்றாள் பங்காரம்மா. "ரொம்ப அமைதிங்க."

ரொம்பவே அமைதிதான். மறுநாள் விடியாத நேரத்தில் அந்தப் பிடில் உருகிய உருகலில் தெரு நாய்கூடத் தலையைக் காலுக்குள் வைத்துக்கொண்டது. சுந்தரராஜுலு லயித்து நிற்கும்போதே வாசலில் ஓவென்று ஒப்பாரி கேட்டது.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் பெரியப்பா வரதராஜுலு வழக்கம்போலத் தலையோடு காலாகப் போர்த்திக்கொண்டு தூங்குவார். வெங்கடம்மாளும் நாலைந்து பெண்களும் அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

போர்வை விலகியது. பெரியப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"யாரு போயிட்டா?"

"நீங்கதானுங்க!" என்றாள் வெங்கடம்மாள், அழுகையை நிறுத்தாமல்.

"அட கடவுளே! எப்ப?" என்று பெரியப்பாவும் அழ ஆரம்பித்தார்.

அவரைச் சமாதானப்படுத்துவதுதான் பெரும்பாடாகிவிட்டது. உயிரோடு இருப்பதாக மூன்று பேர் சொன்ன பிறகும் அவர் நம்பவில்லை. காப்பி கொடுத்தார்கள். சூடு சுட்டது. அப்புறந்தான் நம்பினார். இத்தனையும் முடிந்து சுந்தரராஜுலு கொட்டகைக்கு வந்தால், வாளியில் உள்ளங்கை முழுவதும் இறங்கியது.

"ஏன் ராசப்பா, குறைஞ்சுட்டே போகுது?"

ராசப்பன் மாட்டைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், பங்காரம்மாவைப் பார்த்தார். "சோகப்பாட்டுங்களே. செவலைக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குதல்லங்க," என்றார்.

அப்படியானால் சந்தோஷமான பாட்டு வேண்டும். ஆனால் கல்யாணப் பாட்டாக இருக்கக் கூடாது. பங்காரம்மா டிரங்குப்பெட்டிக்குள் கையை விட்டு, பார்க்காமலேயே இங்கிலீசு பேண்டு தட்டை எடுத்துக் கொடுத்தாள்.

அதில் ஒரு சங்கடம் இருந்தது. ஊர்க்கோடி டென்ட் கொட்டகையில் படம் ஆரம்பிப்பதற்கு முன்னால் இதே மாதிரி பேண்டுதான் வைப்பார்கள். டம்டம் என்று அது முழங்கியதும், காலைக்காட்சி போடுகிறார்கள் என்று ஊரே கிளம்பிவிட்டது. குழந்தைகள் முன்னால் இடம்பிடிக்க மணலைக் குவித்து உட்கார்ந்தார்கள். கடலை விற்கும் தெய்வாத்தாள் கூடையோடு வாசற்படியை மறித்துக் கடை விரித்துவிட்டாள்.

"படம் இல்லீங்க! மாடு கறக்கறோம்!" என்று கத்தினார் சுந்தரராஜுலு.

"அதை எப்பக் காட்டுவீங்க?" என்றார் ஒருவர், கடலையை உடைத்துக்கொண்டே.

பேண்டுக்குத் தாளம் போட்ட செவலை பின்னங்காலால் வாளியையும் ஒரு தட்டுத் தட்டியது. அன்று அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

நாள் போகப்போக அவருக்கு வெறியே பிடித்துவிட்டது. சாயங்காலக் கறவைக்கும் பாட்டு வைத்தார். தெலுங்குப் பத்யம் வைத்தார், செவலை அசைபோட்டது. இந்துஸ்தானி வைத்தார், செவலை அசைபோடுவதை நிறுத்தி அவரையே பார்த்தது. பங்காரம்மா மட்டும் ஒவ்வொரு பாட்டுக்கும் தூண் அடியில் ஆஜர். "இப்ப வாலை ஆட்டுது பாருங்க. இந்த இடத்தை இன்னொருக்கா வையுங்க" என்று மாட்டின் சார்பில் பேசினாள். அவள் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. பாவம், மீசைக்காக அவளும் கூடவே கஷ்டப்படுகிறாளே என்று சுந்தரராஜுலுவின் மனம் நெகிழ்ந்தது.

பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு குறை. "மாடு எளைக்குதோ இல்லியோ, இந்தக் கன்னுக்குட்டி என்னடா யானைக்குட்டியாட்டம் ஆயிட்டு வருது?"

"அதுக்குப் பாட்டுப் புடிச்சுப்போச்சு பெரியப்பா," என்றார் சுந்தரராஜுலு.

கடைசியில் சனிக்கிழமையன்று அவருக்கே ஒரு யோசனை உதித்தது. செவலை நம்ம பக்கத்து மாடு. அதற்குப் பிடிலும் பேண்டும் என்ன தெரியும்? நேராகப் போய்த் திருமலைசாமியின் பம்பை உடுக்கைக் கோஷ்டியைக் கூட்டி வந்தார்.

பம்பை அதிர்ந்தது. உடுக்கை படபடத்தது. செவலை சும்மா நின்றது. வேடிக்கை பார்க்க வந்த வெங்கடம்மாளுக்கு அருள் வந்துவிட்டது.

"டேய் சுந்தரராஜா!" என்றாள் தலையை விரித்துப்போட்டு. நேற்றுவரை 'ஏனுங்க' போட்டவள்.

"சொல்லு தாயே!" என்று அவர் குப்புற விழுந்தார்.

"எனக்குப் பால் அபிஷேகம் பண்ணி எத்தனை நாளாச்சு? கொண்டா!"

அன்றைக்குக் கறந்ததெல்லாம் மாரியம்மன் தலையில் போய்ச் சேர்ந்தது. விழுந்து கும்பிட்டு எழுந்தபோது சுந்தரராஜுலுவுக்கு உண்மையாகவே அழுகை வந்தது. மீசையின் நுனியில் கண்ணீர் தொங்கியது. அதையும் நாளைக்குத் தொங்கவிட இடமில்லையே என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே கோவிந்தராஜுலு வந்து இறங்கினார். கையில் ஒரு கூடை முட்டைக்கோஸ், முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு. அவருக்கு முன்னாலேயே நாவிதர் பாலுசாமி வந்து வேப்பமரத்தடியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். யார் சொல்லி அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. நிச்சயத்துக்கா, சாவுக்கா, சினிமாவுக்கா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.

சுந்தரராஜுலு கடைசி ஆயுதமாகப் பழைய நாயனத்தையே வைத்தார். ராசப்பன் கறந்தார். பெரியப்பா கும்பிட்டார். பங்காரம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கறந்து முடித்து வாளியை நடுவில் வைத்தார்கள்.

கோவிந்தராஜுலு எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, வாளியில பாதி பாலு, மீதி வாளி."

எல்லோரும் சிரித்தார்கள். செவலைகூட ஒரு தடவை கத்தியது. சுந்தரராஜுலு சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் மரத்தடியில் உட்கார்ந்தார். யாரும் ஊசியை எடுக்காததால் நாயனம் ஓடிக்கொண்டே இருந்தது. மீசையின் வலது பக்கம் ஆலாபனையில் போயிற்று. இடது பக்கம் போகும்போது கெட்டிமேளம் கொட்டியது.

கண்ணாடியில் பார்த்தார். யாரோ ஒரு அப்பாவி தெரிந்தான். ஆனால் அடிபட்ட மனுஷனுக்கும் ஒரு ரோஷம் உண்டு.

"மச்சான்!" என்று எழுந்தார். "இதோட உட்டுருவேன்னு நெனைக்காதீங்க. இந்த வாளி தளும்பற வரைக்கும் ரெண்டு வேளையும் பாட்டு வெப்பேன். நாளைக்கே கோயமுத்தூர் போயிப் புதுத் தட்டும் ஊசியும் வாங்கியாறேன். பொட்டியைப் பூட்டவே மாட்டேன்! இந்தா பங்காரு, சாவியை நீயே வெச்சுக்க!"

"உங்க இஷ்டமுங்க," என்றாள் பங்காரம்மா, தலையைக் குனிந்து. சாவி அவள் இடுப்புச் சுருக்குப்பைக்குள் போன வேகத்தை யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் கலைந்தது. சுந்தரராஜுலு தனியாகக் கொட்டகைக்குப் போய்ச் செவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். அவரை அடையாளம் தெரியாமல் அது ஒதுங்கி நின்றது. அந்தப் பக்கம் யானைக்குட்டிக் கன்று வயிறு முட்டப் படுத்து ஏப்பம் விட்டது. பக்கத்தில் நின்ற ராசப்பன், முதலாளியின் மொட்டை மேலுதட்டைப் பார்த்துப் பார்த்து மென்று விழுங்கினார்.

"என்ன ராசப்பா?"

"மனசு கேக்கலீங்க மொதலாளி. மொத நாளு நாயனத்துக்கே வாளி பொங்கி வழிஞ்சுபோச்சுங்க."

"என்னது! அப்புறம் எப்படிக் குறைஞ்சுது?"

"நீங்க வாசலுக்கு ஓடுன நேரத்துல அம்மணிதானுங்க கன்னை அவுத்து வாளியிலயே குடிக்க உட்டாங்க. அப்புறம் அன்னாடும் கறக்கறதுக்கு முன்னாலயே ஊட்ட உட்டுப்போட்டாங்க. ஐயா மீசை போயிருமுங்களேன்னு சொன்னனுங்க, 'மீசை போனா மொளைச்சுக்கும் ராசப்பா, பொட்டியைப் பூட்டுனா நான் எங்க போயிப் பாட்டுக் கேக்கறது'ன்னு கேட்டுப்போட்டாங்க."