செல்லம்மா குடித்த கூழ்

உத்திரமேரூரில் எழுதப்பட்ட கதைகளில் எவரும் பசியோடு செத்ததில்லை. அதற்கு ஒரே ஒருவர்தான் காரணம். அவருடைய சொந்தப் பெயரைத் தாலுகா ஆபீஸில் சம்பள நாளன்று மட்டும் கூப்பிடுவார்கள். எங்களுக்கு அவர் நாஷ்டா.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் நான்கு பேர் கதை எழுதிக்கொண்டிருந்தோம். நெல் மண்டி குமாஸ்தாவான நான், பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர், செங்கல்பட்டு பஸ் கண்டக்டர், தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்டான நாஷ்டா. ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டிக்கு விடுமுறை. சாவி என்னிடம் இருக்கும். மூட்டைகள்மேல் உட்கார்ந்து கதை படிப்போம்.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது. குரலை இழுத்து, கண்ணைத் துடைத்து, உருப்படாத கதையைக் கரையேற்றிவிடுகிறார்கள் என்று மாஸ்டர் கொண்டுவந்த சட்டம். யார் படிப்பது என்று சீட்டுக் குலுக்குவோம். படித்து முடியும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.

கதை முடிந்ததும் மற்றவர்கள் நடை, உத்தி என்று பேசுவோம். நாஷ்டா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி நைனா, அந்த ஆளு எப்போ சாப்ட்டான்?" என்பார்.

ஒருமுறை மாஸ்டரின் கதாநாயகன் போலீஸுக்குப் பயந்து புதரில் ஒளிந்திருந்தான்.

"மூணு நாளா பொதர்ல குந்திக்கினு கீறான். அப்பால எப்டி அந்த ஓட்டம் ஓடுவான்?"

"கதைக்கு அது தேவையில்லைங்க."

"அவனுக்குத் தேவப்படுமே, மாஸ்டர்."

மாஸ்டர் மனம் இரங்கி அடுத்த வாரம் அவனுக்கு நான்கு இட்லி கொடுத்துவிட்டு வந்தார். நாஷ்டா மகிழ்ந்தார். ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. "தொட்டுக்க இன்னா?"

இத்தனைக்கும் அவர் ஊதினால் பறக்கும் உடம்பு. வயிற்றுப் புண் காரணமாக மோர்சாதம் தவிர வேறெதுவும் சேராது.

படிக்கிற சீட்டு அவருக்கு விழுந்தால் கேள்வியே கிடையாது. போகிற போக்கில் பரிமாறிவிடுவார். கண்டக்டரின் கதையில் தூக்குமேடைக்குப் போன கைதி, நாஷ்டா படித்தபோது வழியில் மசால் தோசை சாப்பிட்டான். கண்டக்டர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மூட்டையைப் பிறாண்டிக்கொண்டிருந்தார்.

அப்படி இருக்கையில், மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றின் உதவி ஆசிரியர் எங்கள் ஊர்க் கல்வெட்டைப் பார்க்க வந்தார். மாஸ்டர் அவரை மண்டிக்கு அழைத்து வந்துவிட்டார். "நல்ல கதையாக இருந்தால் கையோடு எடுத்துப் போகிறேன்" என்றார் அவர். அதுவரை நான் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கதைகள் எல்லாம் திரும்பி வந்திருந்தன. அன்றைக்கு என் கதை முறை. சீட்டு நாஷ்டாவுக்கு விழுந்தது.

கதையில், மாமியாரிடம் அடிபட்ட செல்லம்மா சாலவாக்கத்திலிருந்து நடந்தே வந்து எங்கள் ஊர் ஏரியில் விழுந்து சாகிறாள். கடைத்தெரு வரை நான் எழுதியிருந்தபடியே நாஷ்டா படித்தார். பிறகு குரல் கனிந்தது.

"முனையில் கூழ் விற்றவள் செல்லம்மாவைப் பார்த்தாள். 'இன்னாமே, மூஞ்சி வாடிக் கீது? குந்து. ஒரு சொம்பு குடிச்சிட்டுப் போ.' செல்லம்மா குந்தினாள். குடித்தாள். இன்னொரு சொம்பு கேட்டாள்."

காகிதத்தில் அடுத்த வரி, அவள் ஏரியில் குதித்தாள் என்பது. நாஷ்டா நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெண்டு சொம்பு கூழ் குடித்தவளை எப்படித் தள்ளுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில், "செல்லம்மா ஏரியைப் பார்த்தாள். திரும்பி நடந்தாள்" என்று காகிதத்தை மடித்துவிட்டார்.

"இதைக் கொடுங்கள், போட்டுவிடலாம்" என்றார் உதவி ஆசிரியர்.

நாஷ்டா காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அடிச்சித் திருத்துன காயிதம் சார். டைப் அடிச்சி தபால்ல அனுப்பறோம்."

உதவி ஆசிரியர் பஸ் ஏறியதும் நான் நாஷ்டாவிடம் சண்டைக்குப் போனேன். "அண்ணே, அது என் கதை. அவ சாவணும்."

"செத்தா கதை திரும்பி வரும் நைனா. பொயச்சா அச்சுல வரும். இன்னா சொல்ற?"

"டைப் அடிங்கண்ணே" என்றேன்.

கதை அச்சில் வந்தது. பக்கத்தில் தலைவலித் தைல விளம்பரத்துக்கு இடம் போதாமல் ஒரே ஒரு பத்தியை வெட்டியிருந்தார்கள். கூழ்ப் பத்தி. செல்லம்மா வந்தாள், ஏரியைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். ஏன் என்று எழுதிய எனக்கே புரியவில்லை. "சொல்லாமல் விட்ட இடம் அற்புதம்" என்று வாசகர்கள் கடிதம் போட்டார்கள். கண்டக்டர் தன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டு ஒதுக்கினார்.

நாஷ்டாவுக்கு மட்டும் ஆறவில்லை. "வெறும் வயித்தோட அனுப்ட்டானுங்களே" என்று இரண்டு ஞாயிறு மண்டிக்கே வரவில்லை. மூன்றாவது ஞாயிறு வந்தபோது, படிப்பகத்துப் பத்திரிகையை யாரோ கிறுக்கிவிட்டதாக மாஸ்டர் கோபமாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன். என் கதையின் ஓரத்தில் நீல மையில் ஒரு அம்புக்குறி. அதன் நுனியில் கூழ்க்காரி, சொம்பு, எல்லாம் இருந்தன. உத்திரமேரூர்க்காரர்கள் மட்டும் அந்தக் கதையை முழுசாகப் படித்தார்கள்.

நாஷ்டா போய் வெகுகாலம் ஆகிறது. சமீபத்தில் என் கதைகள் தொகுப்பாக வந்தபோது அந்தக் கூழை அதன் இடத்தில் திரும்ப வைத்தேன். புரூஃப் பார்க்கையில், சொம்புக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன வெங்காயமும் சேர்த்தேன். இல்லாவிட்டால் கேட்பார்.