வாஷர் விஷயத்தில் தன்னிறைவு

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்துவிட்டு நெடுங்காலம் சும்மா இருந்தது. அதற்கடுத்த பெருங்காரியம் 1978ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஆம்பூருக்கு இப்பால், பெயரைச் சொன்னால் மற்ற ஊர்கள் ஏங்கிப்போகும் என்பதால் சொல்லாமல் விடப்படுகிற ஓர் ஊரில், மிஷன் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் நடந்தது.

வந்திருந்தோர் விவரம்: கைவைத்த நாற்காலியில் தலைவி, மேட்ரன் ஜெபகனி அம்மாள். அவருக்கு வலப்புறம், கைவைக்காத நாற்காலியில், பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆசிரியர் ஜெயகரன், 'மின்சார ஆலோசகர்'. இடப்புறம், நாற்காலியில் கிரீஸ் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கவிழ்த்துப்போட்ட சோப்புப் பெட்டியின் மேல், தோல் பதனிடும் டேனரியின் ஃபிட்டர் சர்தார் பாஷா, 'இயந்திர ஆலோசகர்'. மேசைக்குப் பின்னால், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டோர் கிளார்க் ஞானசீலன், செயலாளர். நடுவே ஒரு ஸ்டூலின் மேல், பூப்பின்னல் துணி போர்த்தி, இயந்திரம். உட்கார இடம் அத்துடன் தீர்ந்துபோனபடியால், ஆஸ்பத்திரித் துணி முழுவதையும் துவைக்கிறவரும் செயலாளரின் மனைவியுமான இன்பம் பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் கூடியதே இன்பத்தின் கைகளுக்காகத்தான். சலவைச் சோடாவில் ஊறி ஊறி அவை கொப்புளித்து, வெடித்து, உள்ளங்கையில் ரேகை இருந்த இடமெல்லாம் ரத்தக் கோடாக இருந்தன. "மழைக்காலத்துக்குள்ள இது ஆறலைன்னா சோடாத் தண்ணியில கை வைக்கவே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். துவைக்கக் கை இல்லாதவருக்கு ஆஸ்பத்திரியில் வேறு வேலையும் இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆகவே துவைக்கிற வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தை இன்பத்திடம் கொடுப்பது என்று முடிவாயிற்று. யோசனை ஞானசீலனுடையது. அன்று காலை முதலே அவர் பேனாவுக்கு மசி நிரப்பிக்கொண்டிருந்தார்.

இயந்திரமோ சாமானியப்பட்டதல்ல. முன்பு இங்கே நர்சிங் சூப்பிரண்டாக இருந்த அமெரிக்க மாது மிஸ் டோல், 1954இல் கப்பலில் கொண்டுவந்து, ஓய்வுபெற்றுப் போகையில் விட்டுப்போனது. பெரிய இட்லிக் குண்டான் அளவு. பிழியும் உருளைகளைக் கூட மடக்கி உள்ளேயே வைத்துவிடலாம். அவர் போன பிறகு அதை யாரும் ஓட்டியதில்லை, மரியாதை செய்திருந்தார்கள்.

மேட்ரன் துணியை விலக்க, சர்தார் பாஷா மூடியைத் திறந்தார்.

"இன்னா பாய் இருக்குது?" என்றார் ஜெயகரன்.

"மூணு ராஜா, ஒரு ஆடு."

கிறிஸ்துமஸ் குடிலின் பொம்மைகள். நாலு வருஷமாக அவற்றைக் காணாமல், குழந்தை யேசுவைப் பார்க்க வருகிற அந்த மூன்று சாஸ்திரிகள் இல்லாமலேயே பண்டிகை நடந்துகொண்டிருந்தது. 'சாஸ்திரிகள் பத்திரமாக மீட்கப்பட்டனர். இயந்திரத்தால் விளைந்த முதல் நன்மை' என்று ஞானசீலன் குறித்துக்கொண்டார்.

பெல்ட் அறுந்திருந்தது. டேனரியில் தோல் சுழற்றும் பெரிய டிரம்மின் பழைய பெல்ட்டைக் கீறி சர்தார் பாஷா புது பெல்ட் போட்டார். அவருக்கு இயந்திரத்தில் பெரிய மர்மம் எதுவும் தெரியவில்லை.

"நம்ம டிரம்முதான் சார் இது. தண்ணி, சாமான், சுத்தறது. அங்க ஆட்டுத் தோலு, இங்க ஆளுங்க துணி."

அடுத்து மின்சாரம். இயந்திரம் அமெரிக்க இயந்திரம். நூற்றுப்பத்து வோல்ட்டுக்கு மேல் கொடுத்தால் கருகிப்போகும். ஜெயகரன் கரும்பலகை கேட்டு வாங்கி, அரை மணி நேரம் கணக்குப் போட்டு, ஒரு மகத்தான உண்மையைக் கண்டார். சாயங்காலம் டேனரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் டிரம்மைச் சுற்றும்போது ஊரில் கரண்ட் தானாகவே நூற்றுப்பத்துக்கு இறங்கிவிடுகிறது.

"நாம ஒண்ணுமே பண்ண வேணாம் மேட்ரன். ஆறு மணிக்கு மேல ஊரே அமெரிக்காதான்."

'ஊரின் மின்சாரம் சர்வதேசத் தரத்தை எட்டியுள்ளது' என்று தீர்மானம் நிறைவேறியது.

ஆறு மணிக்கு இயந்திரம் சுற்றியது. மேட்ரன் ஜெபம் செய்தார். ஞானசீலன் பின்கட்டுக்கு ஓடி மனைவியைக் கூட்டிவந்தார். எல்லாரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க, அதிலிருந்த தண்ணீர் முழுவதும் அவர்கள் காலடிக்கு வந்து சேர்ந்தது.

"வாஷர் பூட்ச்சி" என்றார் சர்தார் பாஷா.

தொட்டியின் அடியில், தண்டு நுழைகிற இடத்தில் இருந்த ரப்பர் வளையம் பொடிப்பொடியாகிக் கிடந்தது. அந்த அளவில் வாஷர் ஆம்பூரிலும் இல்லை, வேலூரிலும் இல்லை. ஆனால் வாஷர் இல்லை என்று கைகட்டி நிற்க இது என்ன ஏதோ ஓர் ஊரா? நாலு திசையிலும் தோல் காய்கிற பூமி. சர்தார் பாஷா மறுநாளே ஆவாரம்பட்டையில் பதனிட்ட எருமைத் தோலில் அருமையான வாஷர் ஒன்றை வெட்டிக்கொண்டு வந்தார். சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. இரண்டு டஜன் நர்ஸ் உடைகள், நாலைந்தாகப் போட்டு, துவைக்கப்பட்டன. வெந்நீரில் பட்டைச் சாறு இறங்கி, அத்தனையும் பதனிடப்பட்டன.

காலையில் நர்ஸுகள் காக்கியில் ட்யூட்டிக்கு வந்தார்கள். ஆண்கள் வார்டில் கலவை என்ற ஊர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், சாராயக் கேஸில் தேடப்பட்டு வந்தவர், ஜன்னல் வழியாகத் தம்மைத் தாமே டிஸ்சார்ஜ் செய்துகொண்டார். 'படுக்கைப் பற்றாக்குறை ஓரளவு நீங்கியது' என்று குறிப்பு எழுதப்பட்டது. காக்கி முழுவதையும் இன்பம் கையால் திரும்பத் துவைத்தார், இரட்டைச் சோடா போட்டு.

அன்றிரவு சாப்பிடும்போது ஞானசீலன் கேட்டார்.

"கை எப்டி இருக்குது?"

"கையா இருக்குது."

"பாய் அடுத்த வாரம் குரோம் தோல்ல வெட்டித் தரேன்னாரு. கறையே வராதாம்."

"வரட்டும். ரசத்தை நீங்களே ஊத்திக்குங்க, கரண்டி புடிக்க முடியல."

பட்டைக்குப் பதில் குரோம் உப்பில் பதனிட்ட தோல் வாஷர் வந்தது. அதில் நிஜமாகவே பழுப்புக் கறை வரவில்லை. இளநீலச் சாயல் வந்தது. "நீலம் போடற செலவு மிச்சம்" என்று மேட்ரன் பூரித்துப்போனார். ஒரு சிறு நிபந்தனை மட்டும் இருந்தது. ஈரம் பட்டதும் அந்தத் தோல் இளகிவிடுவதால், இயந்திரம் சுற்றுகிற நேரமெல்லாம் ஒருவர் தொட்டிக்கு அடியில் உள்ளங்கையை வைத்து, வாஷரை மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். இன்பம் அந்தப் பொறுப்பில் அமர்த்தப்பட்டார்.

"அம்மா, கல்லுல அடிச்சா இந்த நாலு துணி பத்து நிமிஷம்" என்றார் இன்பம், தரையில் உட்கார்ந்து, முழங்கை வழியாகச் சோடாத் தண்ணீர் ஒழுக. "இப்ப அரை மணி இதும் அடியில ஒக்காந்துக்கினு இருக்கறேன்."

"ஒக்காந்துதானே இருக்கற" என்றார் மேட்ரன் கனிவுடன். "முன்னெல்லாம் நின்னுக்கினு இருந்த."

'தொழிலாளியின் கால்களுக்குப் பூரண ஓய்வு கிடைத்துள்ளது' என்று எழுதும்போது ஞானசீலனுக்குப் பேனா சற்றே தயங்கியது. மசி குறைவு என்று எண்ணி உதறிக்கொண்டார்.

இந்த நிலையில்தான் அமெரிக்காவிலிருந்து மிஸ் டோலின் கடிதம் வந்தது. இயந்திரம் ஒழுகுகிற செய்தியை ஞானசீலன் முன்பே அவருக்கு எழுதியிருந்தார். செப்டம்பர் கடைசியில் கமிட்டி அவசரமாகக் கூடியது. ஞானசீலன் நின்றுகொண்டு கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னார்:

"'அன்பான நண்பர்களே, கஷ்டப்படாதீர்கள். உங்களுக்குப் புதிய வாஷர் ஒன்று அனுப்பட்டுமா? எங்கள் சபையார் வாங்கித் தயாராக வைத்திருக்கிறார்கள். வெள்ளை நிறம். தூக்க இரண்டு ஆட்கள் வேண்டும். ஆம் என்று ஒரு வார்த்தை எழுதினால் அடுத்த மாதக் கப்பலில் வரும்.'"

அமெரிக்காவில் துணி துவைக்கும் இயந்திரத்தையே 'வாஷர்' என்று சொல்வார்கள் என்ற தகவல் அதுவரை பாலாற்றைக் கடந்து வந்திருக்கவில்லை.

"வாஷரா?" என்றார் சர்தார் பாஷா. அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "நமக்கு வாஷரா?"

"வெள்ளைன்னு போட்ருக்குது பாய்."

"ஃபாரின் ரப்பர் சார். வெள்ளையாத்தான் இருக்கும்."

"ரெண்டு ஆள் தூக்கணுமாம்" என்றார் மேட்ரன், கொஞ்சம் குழம்பி.

ஜெயகரன் கையமர்த்தினார். "ஒண்ணே ஒண்ணா அனுப்புவாங்க? ஆயிரம், ரெண்டாயிரம்னு பெட்டி கட்டித்தான் அனுப்புவாங்க. அந்த நாட்டுல எல்லாமே ஜாஸ்தி."

"உலகத்துக்கே தோல் அனுப்பற ஊரு மேட்ரனம்மா" என்றார் சர்தார் பாஷா. "நாம போய் ஒரு வாஷருக்குக் கை நீட்டினோம்னு தெரிஞ்சா ராணிப்பேட்டைக்காரன் சிரிப்பான்."

அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் தேசிய அந்தஸ்தை அடைந்தது. ஞானசீலன் பதில் எழுதும் பொறுப்பை ஏற்றார். மூன்று நாள் அவர் வீட்டில் சரியாகப் பேசவில்லை, ஆங்கிலத்தில் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் எழுதியவற்றிலேயே தலைசிறந்த கடிதம் அது. 'தங்கள் அன்புக்கு நன்றி. ஆயினும் வாஷர் விஷயத்தில் நாங்கள் முழுத் தன்னிறைவு அடைந்துவிட்டோம் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்த வாஷரை எங்களைவிட ஏழைகளான யாருக்காவது அன்புகூர்ந்து கொடுத்துவிடவும்.' மேட்ரன் கண் கலங்கிக் கையெழுத்திட்டார்.

ஆறு மணிக்கு மேல், இரவு மெயிலுக்குத் தபால் கட்டும் நேரத்துக்குச் சற்று முன்பு ஞானசீலன் உறையுடன் சலவைக்கூடத்தைக் கடந்து போனார். இன்பம் இயந்திரத்தின் அடியில் கை கொடுத்து உட்கார்ந்திருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அன்று காலைதான் டாக்டர் கையைப் பார்த்துவிட்டு, மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லியிருந்தார். இன்பம் அதை இன்னும் கணவரிடம் சொல்லவில்லை. அவர் ஆங்கிலத்திலிருந்து திரும்பி வரட்டும் என்று இருந்தார்.

"இன்னாங்க எழுதினீங்க அதுல?"

"எல்லாம் உன் கையை நெனச்சுத்தான் ஆரம்பிச்சது இன்பம். இப்ப பெரிய விஷயமா ஆயிட்ச்சி. நமக்கு ஒரு கொறையும் இல்ல, ஒண்ணும் வேணாம்னு எழுதிட்டோம்."

"நமக்குன்னா?"

"நமக்குத்தான். கமிட்டிக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஊருக்கு."

"சரி" என்றார் இன்பம். "அதுல வராத நாலாவது ஆளையும் ஒரு வார்த்தை கேட்ருக்கலாம். டாக்டர் இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லிட்டாரு."

ஞானசீலன் கையிலிருந்த உறையைப் பார்த்தார். கமிட்டி ஒருமனதாக நிறைவேற்றியது. மேட்ரன் கையெழுத்து உலர்ந்துவிட்டது. பிரித்தால் ஆங்கிலம் கெட்டுவிடும். ஓரத்தில் பசை தடவி, கட்டை விரலால் அழுந்த நீவி ஒட்டினார். அப்பழுக்கில்லாத கடிதம் அது. ஓர் அடித்தல் இல்லை, ஒரு கறை இல்லை, ஓரத்தில் ஓர் ஈரக் கைரேகை கூட இல்லை. அதை நிறைவேற்றியவர்களில் ஒருவரும் ஒரு நாளும் ஒரு துணியும் துவைத்ததில்லை என்பதை அமெரிக்கா அதைப் பார்த்தே அறிந்துகொள்ளலாம். தபால்காரர் பையின் வாயைக் கட்டப் போகிற சமயத்தில் ஞானசீலன் ஓடிப்போய் அதை உள்ளே போட்டார்.