கேன்டீன் மந்திரிசபை

திங்கட்கிழமை காலையிலேயே கலியன் ஆதரவை வாபஸ் வாங்கிவிட்டான்.

கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலையில் வெல்டர் அருணகிரிதான் கேன்டீன் கமிட்டித் தலைவர். தேர்தலில் யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. பழவேற்காட்டு மீனவர் வீட்டு ஆட்களுக்குத் தலைவனான கலியனையும், நெல் விவசாயிகள் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைவனான பரசுராமனையும் சேர்த்துக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"தெனம் மீன் கொயம்பு வோணும். இல்லாங்காட்டி நாங்க வெளிய" என்றான் கலியன்.

அருணகிரி டைம்கீப்பர் வீரராகவனிடம் ஓடினார். அவர் சரித்திரத்தில் பி.ஏ.

"முதல் உலக யுத்தத்துக்கப்புறம் ஜெர்மனியிலே இதே கதைதான். ஒரு கட்சி கோவிச்சுண்டா மந்திரிசபை காலி. பதினாலு வருஷத்துலே சுமார் இருபது மந்திரிசபை. கேட்டதைக் குடுத்துடுங்க."

மீன் வந்தது. அதற்கு ஈடாகப் பொங்கலில் நெய் குறைந்தது. உடனே பரசுராமன் வந்து நின்றான்.

"அவுனுக்கு மீனு, எங்களுக்கு வெறும் பொங்கலா? நாங்களும் வெளிய."

நெய்யை ஏற்றினார், மீன் துண்டு சிறுத்தது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்து தீர்மானம் போட்டு அருணகிரியைக் கவிழ்த்தார்கள். புதுக் கமிட்டி அமைக்கச் சொன்னால் ஒரே பெஞ்சில் உட்கார மாட்டோம் என்றார்கள்.

"பேஜாரா போச்சு சார். இறங்கவும் வுட மாட்றானுங்க, நடத்தவும் வுட மாட்றானுங்க" என்று அருணகிரி மறுபடி வீரராகவனிடம் புலம்பினார்.

"அங்கேயும் கவுக்கத்தான் ஒண்ணா நின்னாளே தவிர, ஆள நிக்கலை. கடைசியிலே ஜனாதிபதி சபையைக் கேக்காம கையெழுத்துப் போட்டே காரியம் நடத்தினார். நீங்களும் போடுங்க."

கமிட்டியைக் கேட்காமலே மெனுவில் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் தொழிற்சாலை முழுவதும் தட்டைத் தட்டியது. வெல்டிங் சத்தமே கேட்கவில்லை. பொறி பறக்க வேலை செய்கிற அருணகிரி டார்ச்சைப் போட்டுவிட்டு வீரராகவனிடம் ஓடினார்.

"எந்தக் கட்சியிலும் இல்லாத ஆளு நீங்க ஒருத்தர்தான். மொத்தத்தையும் நீங்களே எடுத்துக்குங்க சார்."

"நானா? ஜெர்மனியிலே இப்படித்தான் ஒருத்தன் கையிலே குடுத்துட்டு தேசமே நாசமாப் போச்சு" என்று வீரராகவன் வெகுநேரம் மறுத்தார். பிறகு பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் இரண்டு உத்தரவுகள். இனிமேல் தேர்தல் கிடையாது. இனிமேல் தினமும் உப்புமா.

அருணகிரி உப்புமாத் தட்டோடு சமையல்கார அஞ்சம்மாளிடம் வந்தார். "உப்புமா போட்டா இன்னா? பாவம், அந்த டைம்கீப்பர் சாரு இல்லன்னா நம்ம கதி இன்னா ஆயிருக்கும்?"

அஞ்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அட போண்ணே, கலியனையும் பரசுராமனையும் தனித்தனியா கூட்டாந்து, 'நீ வெளிய வா, அடுத்த தலைவரு நீதான்'னு அவரு இங்க குந்திகினு சொல்லச்சொல்ல, ரெண்டு வாட்டியும் டீ ஊத்துனதே நான்தான்."