காட்டுமாட்டின் முன்பாதி

நிச்சயதார்த்தம் முடிந்து கல்யாணம் ஆகாமல் இருக்கும் சில மாதங்களில் ஒரு மாப்பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதை, அதற்கு முன்னும் கிடைக்காது, பின்னும் கிடைக்காது. அவன் நின்றால் நாற்காலி வரும், உட்கார்ந்தால் பலகாரம் வரும், லேசாக இருமினால் சுக்குக் காபி வரும். இதில் ஒரே சிக்கல், அந்தப் பையன் இதையெல்லாம் தனக்குத் தகுதியானது என்று நம்பிவிடுகிறான். நானும் நம்பினேன். அதன் பலனாக, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனிக் காலையில், கொடைக்கானலில் ஊரே பார்க்க, ஒரு காட்டுமாட்டின் முன்பாதியாக வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு நின்றேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

எனக்கு ஊர் வில்பட்டி. வீட்டில் கேரட்டும் பீன்ஸும் விவசாயம். நான் மட்டும் படித்தவன் என்ற பெயரெடுத்து, கொடைக்கானலில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருந்தேன். (பெரிதாக நினைக்க வேண்டாம். சாவி கொடுப்பது, வெந்நீர் இல்லை என்று சொல்வது, இவ்வளவுதான் சோலி.) பள்ளங்கியில் சரசுவைப் பெண் பார்க்கப் போனபோது அம்மா, "பையன் ஆபீசுல இருக்கான்" என்று சொன்னாள். அவர்கள் பக்கத்தில், "எங்களுக்கு ரெண்டு ஏக்கர் பூண்டு கெடக்கு" என்றார்கள். வெற்றிலை மாற்றியாயிற்று. ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு.

நிச்சயம் முடிந்த கொஞ்ச நாளிலேயே, கனவில் மிதந்துகொண்டிருந்த நான், தேனிலவுக்கு வந்த இரண்டு ஜோடிகளுக்கு ஒரே அறையின் சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். லாட்ஜ் முதலாளி அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பினார். சரசுவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வேலை போன விஷயம் பள்ளங்கிக்குத் தெரிந்தால் பேச்சு முறிந்துவிடும். ஆவணிக்குள் ஏதாவது ஒரு வேலை வேண்டும், எதுவாக இருந்தாலும்.

அப்போதுதான் டீக்கடைச் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்தேன். கொடைக்கானலில் சீசனுக்காகப் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ஆட்கள் தேவையாம். கரடி, முயல், காட்டுமாடு வேஷம் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், ஆட வேண்டும், குழந்தைகளைச் சிரிக்க வைக்க வேண்டும். ஆள் தேர்வு ஞாயிற்றுக்கிழமை. கரடியும் முயலும் யார் வேண்டுமானாலும் ஆகலாம், காட்டுமாடாக ஆக எங்கள் மலைக்காரனால்தான் முடியும் என்று எனக்குள் ஒரு கர்வம் வந்தது. (மாடாவதற்கும் கர்வப்பட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

பயிற்சியை உடனே தொடங்கினேன். வெள்ளனே எழுந்து, பீன்ஸ் தோட்டத்துக்கு மேலே சோலைக்காட்டு ஓரம் போய் உட்கார்ந்து, மேய வரும் காட்டுமாடுகளைப் படித்தேன். அது தலையைத் திருப்பும் விதம், மூச்சை விடும் விதம் எல்லாம் மனப்பாடம். ஒருநாள் நானும் அதே மாதிரி 'புஸ்' என்று மூச்சு விட்டுப் பார்த்தேன். ஒரு பெரிய கிடா தலையைத் தூக்கி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டது மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

அப்புறம் கேரட் பாத்திக்கு நடுவே கையையும் காலையும் ஊன்றி நடந்து பழகினேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏலே, என்னத்தடா தேடுற?"

"கேரட்டும்மா. ஒண்ணு விழுந்துருச்சு."

"கேரட்டு தேடுறதுக்கு எதுக்குடா தலைய ஆட்டுற?"

அன்று சாயங்காலமே கோயில் பூசாரியிடம் மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்று என் கையில் ஏறியது. கல்யாண பயம் என்று பூசாரி சொன்னாராம். மனிதர் முக்கால்வாசி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். நிச்சயத்துக்குப் பெண் வீட்டார் எடுத்துக் கொடுத்த காப்பிக்கலர் பேண்ட்டைப் போட்டிருந்தேன். மாட்டின் நிறத்துக்கும் பொருந்தும் என்று கணக்கு. பூங்கா ஒரு சரிவில் இருந்தது. மேலே தேர்வு நடக்கும் புல்தரை, கீழே புதிதாக நட்ட டேலியாப் பாத்திகள், அதற்கும் கீழே கம்பிவேலி. ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நானும் பெயரைக் கொடுத்துவிட்டுப் போய் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற நெடிய மனிதர் திரும்பினார்.

பெரியசாமி மாமா. சரசுவின் அப்பா.

இருவரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

"என்ன மாமா, இந்தப் பக்கம்?"

"சும்மாதாங்க மாப்ளை. பூண்டு வெல விசாரிச்சுட்டுப் போவோம்னு." (கேளிக்கைப் பூங்காவில் பூண்டு விலை!) "நீங்க?"

"ஆபீஸ் விஷயமா வந்தேன் மாமா. ஒரு இன்ஸ்பெக்‌ஷன்."

"ஓ. வரிசையில நின்னுதான் பண்ணணுமாக்கும்."

"ஆமா மாமா. இப்பல்லாம் அப்படித்தான்."

அவர் அதை ஏற்றுக்கொண்டு மரியாதையாகத் தலையசைத்தார். அந்த நேரம் பார்த்து, மெட்ராஸிலிருந்து வந்திருந்த மேனேஜர் குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்து உரக்கப் படித்தார்: "பள்ளங்கி பெரியசாமி, கரடி அல்லது மாடு!" அடுத்து என் பெயரும் வந்தது. அதற்கும் மாடுதான்.

மாமா தரையைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவருடைய இரண்டு ஏக்கரும் குத்தகை நிலம், அதுவும் அந்த வருஷம் கைநழுவிப் போய்விட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. மகள் கல்யாணச் செலவுக்குத்தான் அவர் கரடியாக வந்திருக்கிறார் என்பது மட்டும் எனக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துவிட்டது. என் ஆபீஸ் அவருக்கும் புரிந்திருக்கும்.

ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் அம்மாள் ஒருவர் இருந்தார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்றார்கள். காட்டுமாட்டுக்குள் இரண்டு பேர் போக வேண்டும் என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மூங்கில் கட்டு, மேலே கம்பளித் துணி, காகிதக்கூழில் செய்த தலை. முன்னால் இருப்பவர் மாட்டின் வாய் வழியாகப் பார்க்க வேண்டும். பின்னால் இருப்பவர் குனிந்து, முன்னவரின் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கயிற்றை இழுத்து வாலை ஆட்ட வேண்டும். முன்பாதியையும் பின்பாதியையும் கொக்கி போட்டு இணைத்திருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் தெரிஞ்சவங்களா? அப்ப ஒண்ணாப் போங்க. உயரமானவர் முன்னாடி, குட்டையானவர் பின்னாடி" என்றார் மாஸ்டர்.

மாமா பதறிப் போனார். "அதெப்படிங்கம்மா? இவரு எங்க வீட்டு மாப்ளை. நான் முன்னால நிமிந்து நிக்க, அவரு எனக்குப் பின்னால குனிஞ்சுக்கிட்டு வரவா? பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"பாக்கறவங்க மாடுன்னு சொல்லுவாங்க. வெரசாப் போங்க" என்றார் மாஸ்டர், எங்கள் ஊர் வார்த்தையை அதற்குள் கற்றுக்கொண்டிருந்தவர்.

"இல்லைங்கம்மா. மாப்ளைதான் முன்னால."

இந்த இடத்தில் நான், "பரவாயில்லை மாமா, நான் பின்னால வர்றேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அவருக்கு என் அப்பா வயது. அவர் நிமிர்ந்து நிற்க வேண்டியவர், குனிய வேண்டியவன் நான். ஆனால் நான் என்ன செய்தேன் என்றால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்கிற முகத்தோடு நின்றேன். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையத் தோன்றும்.

"என்னமோ பண்ணுங்க" என்றார் மாஸ்டர். "பாட்டு போட்டதும் புல்தரையை ஒரு சுற்று. விசில் அடிக்கிற வரைக்கும் நிக்கக் கூடாது. வால் ஆடிக்கிட்டே இருக்கணும். தெரியுதா?"

"சரிங்கம்மா" என்றது பின்பாதி.

தலையைக் கவிழ்த்தார்கள். என் உயரத்துக்கு மாட்டின் வாய் எட்டவில்லை. என் கண் இருந்த இடத்தில் மாட்டின் தொண்டை இருந்தது. கும்மிருட்டு. போதாததற்கு, என் மூச்சிலேயே மூக்குக்கண்ணாடியும் ஆவி படிந்து மூடிக்கொண்டது. டேப் ரிக்கார்டரில் பாட்டு தொடங்கியது. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கம்பீரத்தோடு நடந்தேன்.

மாமாவுக்குப் பக்கவாட்டுத் தையலில் ஒரு சின்னக் கிழிசல் வழியாக வெளியே தெரிந்தது. அவர்தான் எனக்கு வழி சொல்ல வேண்டியிருந்தது. அங்கேதான் எங்கள் விதி முடிவானது. வேறு யாராவது இருந்தால், "ஏலே, எடது!" என்று ஒரு அதட்டல் போட்டிருப்பார்கள், பிழைத்திருப்பேன். மாமா சொன்னது இப்படி:

"மாப்ளை, தப்பா நெனைச்சுக்கிடாதீங்க. கொஞ்சம் எடது கைப்பக்கமா ஒதுங்குனீங்கன்னா நல்லாருக்கும்னு..."

அவர் முடிப்பதற்குள் நான் மேனேஜரின் மேஜையில் மோதியிருந்தேன். தேநீர்க் கெட்டில் கவிழும் சத்தமும் மேனேஜர் இங்கிலீஷில் அலறும் சத்தமும் கேட்டன.

"பரவாயில்லைங்க மாப்ளை. இனி அப்படியே மெதுவா நின்னுட்டீங்கன்னா தேவல. முன்னாடி சரிவு மாதிரி..."

சரிவுதான். கால் வழுக்கியது. மாமா என் இடுப்பை இறுகப் பிடித்து இழுத்திருந்தால் நின்றிருப்போம். மாப்பிள்ளையைப் பிடித்து இழுக்கலாமா என்று அவர் யோசித்த அந்த நொடியில் கொக்கிகள் படபடவென்று தெறித்தன. மாடு இரண்டானது. முன்பாதி, அதாவது நான், டேலியாப் பாத்திகள் வழியாக உருண்டு கீழே போய், இரண்டு கொம்பும் கம்பிவேலியில் மாட்டி நின்றேன். இடுப்புக்கு மேலே காட்டுமாடு, கீழே காப்பிக்கலர் பேண்ட். அதுவும் பின்பக்கம் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. "ஐயய்யோ, மாடு!" கொஞ்சம் இடைவெளி. பிறகு அதே குரல், ரொம்ப மெதுவாக: "இந்தப் பேண்ட்டுத் துணி நான் எடுத்ததுல்ல?"

சரசு. அப்பாவுக்குத் தூக்குவாளியில் சாப்பாடு கொண்டு வந்திருக்கிறாள்.

நான் தலைக்குள்ளிருந்து வெளியே வரவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தத் தொண்டைக்குள்ளேயே இருந்துவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். அவள்தான் கம்பியிலிருந்து கொம்பைக் கழற்றித் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளுக்கு மேலே பார்த்தாள். நானும் திரும்பினேன்.

மேலே புல்தரையில் மாட்டின் பின்பாதி தனியாக நின்றுகொண்டிருந்தது. குனிந்தபடி. தலை இல்லை, உடம்பு பாதி இல்லை. வால் மட்டும் ஒழுங்காக, தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சட்டையெல்லாம் தேநீர் வழிந்த மேனேஜர்கூடச் சிரித்தார். சிரித்ததில் விசில் அடிக்க மறந்துவிட்டார். பாட்டு முடிந்துவிட்டது. வால் நிற்கவில்லை. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

சரசு வேலியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிப் போனாள். மேனேஜர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாக விசிலை ஊதினார். அவள் குனிந்து, கம்பளிக்குள் கேட்கும்படி சொன்னாள்: "அப்பா, விசில் அடிச்சாச்சு. வால விடுங்க."

முடிவை அங்கேயே சொன்னார்கள். "பின்பாதி செலக்டட்" என்றார் மாஸ்டர். "அவரைக் கரடியாப் போட்டுக்கலாம். முன்பாதி வீட்டுக்குப் போகலாம்."

பஸ் நிறுத்தம் வரை மூவரும் நடந்தோம். நான் பேண்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பஸ் வந்ததும் மாமா ஒதுங்கி நின்று, "ஏறுங்க மாப்ளை, நீங்க முன்னால" என்றார். அவ்வளவு நடந்த பிறகும். தாவணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு சரசு அப்போதுதான் சிரித்தாள். கல்யாணப் பேச்சு முறியாது என்று அந்தச் சிரிப்பில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த சீசன் முழுக்க மாமா கரடியாக ஆடினார். மேனேஜருக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போய்விட்டது. மாமாவின் சிபாரிசில் எனக்கு டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. (ஆமாம், எனக்குக் கரடி சிபாரிசு.) நான் டிக்கெட் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பேன். மாமா வெயிலில் கம்பளிக்குள் வெந்துகொண்டு ஆடுவார். என் கூண்டைக் கடக்கும்போது கையைத் தூக்கி, "மாப்ளை, சாப்டீங்களா?" என்பார். சுற்றுலா வந்தவர்கள் இதுவும் ஆட்டத்தில் ஒரு பகுதி என்று நினைத்துக் கை தட்டுவார்கள். நான் குனிந்துகொண்டு டிக்கெட் கிழிப்பேன். ஆவணியில் எங்கள் கல்யாணம் பழனி அடிவாரத்தில் நடந்தது. பந்தல், சாப்பாடு, என் புதுப் பேண்ட், எல்லாம் ஒரு கரடி ஆடிச் சம்பாதித்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில், யாராவது முடிந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால், "விசில் அடிச்சாச்சு" என்பார்கள். யாராவது ஜம்பம் அடித்தால், "முன்பாதி வருது" என்பார்கள். அதை யாரைப் பார்த்துச் சொன்னாலும் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

போன வருஷம் எங்கள் மகளுக்கு நிச்சயம் முடிந்தது. மாப்பிள்ளைப் பையன் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தான். வாசலில் இருவரும் ஒரே நேரத்தில் போய் நின்றோம். என்னை அறியாமல் ஒதுங்கி, "நீங்க முன்னால போங்க மாப்ளை" என்றேன். பையன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அதில் நியாயம் இருக்கிறது என்கிற முகத்தோடு உள்ளே போனான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்.

அவன் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். நிலைவாசலில் நின்றிருந்த சரசு என் காதோரம் குனிந்து சொன்னாள்.

"வால் நிக்கக் கூடாதுங்க. இன்னும் விசில் அடிக்கல."