கரடிக்கு ஓட்டெடுப்பு

நம் நாட்டில் இப்போது புதிதாக ஓர் இனம் பெருகியிருக்கிறது. பொய்ச்செய்தி பிடிப்பவர் என்று பெயர். காலையில் கண் விழித்ததும், பல் துலக்குவதற்கு முன்பே, நாலு செய்திகளுக்குப் 'போலி' முத்திரை குத்திவிட்டால்தான் இவருக்குக் காபி இறங்கும்.

மலையடிவாரத்து ஆலங்காயத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பூபாலன் இந்த இனத்தில் முதல் தரம். 'உண்மை உளவுப்படை' என்ற அவருடைய வாட்ஸாப் குழுவில் இருநூற்றுப் பதினாலு பேர். யாராவது ஒரு செய்தியைப் போட வேண்டியது, எல்லாரும் ஓட்டுப் போட வேண்டியது, எந்தப் பக்கம் ஓட்டு அதிகமோ அதுதான் உண்மை. சம்பவ இடத்தில் நின்றவருக்கும் ஒரே ஓட்டு, துபாயில் இருப்பவருக்கும் ஒரே ஓட்டு. ஜனநாயகம் ஐயா!

ஒரு வெள்ளிக்கிழமை, மலைமேல் சாமை பயிரிடும் செந்தாமரை ஒரு படம் போட்டாள். மலைப்பாதை வளைவில், பலா மரத்தடியில், ஒரு கரடி. "புள்ளைங்கள இந்தப் பக்கமா பள்ளிக்கூடம் அனுப்பாதீங்க" என்று குரல்பதிவும் அனுப்பினாள்.

மூக்கு நீளம் சரியில்லை என்றார் ஒருவர். நிழல் தப்பான பக்கம் விழுகிறது என்றார் இன்னொருவர். கரடி இவ்வளவு கறுப்பாக இருக்காது என்றார், கரடியைப் பாடப்புத்தகத்தில்கூடச் சரியாகப் பார்க்காத மூன்றாமவர். போலி: நூற்றுத் தொண்ணூற்றொன்று. உண்மை: மூன்று. மூன்று பேரும் மலைவாசிகள்.

செந்தாமரை பூபாலனுக்குப் போன் போட்டாள். "இன்னாண்ணா இது? என் வூட்டுக்கு எதிர்ல நிக்குது, கண்ணால பாத்துட்டு சொல்றேன்!"

"நீ பாத்தா போதுமாம்மா? நூத்தித் தொண்ணூத்தொரு பேரு பாக்கலியே!"

வதந்தி பரப்பியதாக அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். அதோடு விட்டாரா? வீடியோ ஆதாரம் எடுக்கிறேன் பேர்வழி என்று பைக்கை முறுக்கி மலையேறி, அந்த வளைவில் நின்று, "நண்பர்களே, இங்க கரடியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று போனை நாலாபுறமும் சுழற்றியபோது, பலா மரத்தடியிலிருந்து ஒன்று, வாய் நிறையச் சுளையோடு தலையைத் தூக்கிப் பார்த்தது.

அப்புறம் என்ன நடந்தது என்று பூபாலனுக்கே தெரியாது. நினைவு வந்தபோது எதிரே இருந்த புளியமரத்தின் உச்சிக் கிளையில் இருந்தார். அங்கிருந்தே கரடியைப் படமெடுத்துக் குழுவில் போட்டார்: "காப்பாத்துங்க!"

உடனே ஓட்டெடுப்பு தொடங்கியது. 'அட்மின் போனை எவனோ ஹேக் பண்ணிட்டான்' என்று ஒருவர் கண்டுபிடித்தார். போலி: நூற்றெழுபத்தாறு.

வேறு வழி? செந்தாமரையை அழைத்தார். "அம்மாடி, கரடிம்மா!"

"எத்தினி பேரு பாத்தாங்க?"

"நா ஒருத்தன்தாம்மா!"

"அது போதும்ணா. ஆடாம குந்திக்கினு இருங்க, வர்றேன்."

அக்கம்பக்கத்தாரோடு தகர டின்னைத் தட்டிக்கொண்டு வந்தாள். கரடி சலித்துக்கொண்டு காட்டுக்குள் போனது. இறங்கிய பூபாலன் கண் கலங்கக் கைகூப்பினார். அங்கேயே அவளை மறுபடி குழுவில் சேர்த்து அட்மின் ஆக்கினார். நேரில் பார்த்தவரை விசாரித்த பிறகுதான் ஓட்டு என்று அவள் முதல் விதி போட்டாள். அன்று மாலைக்குள் எண்பது பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள்.

ஏன் ஐயா முகத்தைச் சுளிக்கிறீர்கள்? 'கரடிதான் மரம் ஏறுமே, இந்த ஆள் எப்படித் தப்பினார்? சுத்தப் பொய்!' என்று உங்கள் கட்டைவிரல் துடிக்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் அந்த மரத்தடியில் நின்று நேரில் பார்த்தீர்களா என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது.