ஒன்பது கஜத்தில் ஒரு பாஸ்போர்ட்

சந்தேகப்படுவதற்காக முப்பத்தொரு ஆண்டுகள் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் நான். வங்காளத்துக் கிடர்பூர்த் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. ஊறுகாய் ஜாடியை மூடியோடு பார்த்தே அதன் அடியில் என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவேன் என்று என்னைப் பற்றி அங்கே ஒரு பேச்சு உண்டு. (கிளப்பிவிட்டதே நான்தான்.) ஓய்வு பெற்ற அன்று அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். சந்தேகத்தை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அது என்னோடு சால்ட் லேக் வீட்டுக்கு வந்துவிட்டது.

என் மனைவி வைதேகி ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவள். டாக்காவில் ஒரு பழைய தாவரத் தோட்டம் இருக்கிறதாம். அதைப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் வழி எழுதி வைத்திருந்தாள்: எல்லை வரை நம் கார், கடப்பது நடந்து, அப்பால் வாடகை வண்டி, ஜெசோர், பத்மா பாலம், டாக்காவில் இரண்டு இரவு. கீழே ஒரு குறிப்பு: ‘அவருக்குத் தயிர் கிடைக்குமா, விசாரிக்கணும்.’ மூன்று முறை என்னிடம் கேட்டாள். மூன்று முறையும் ‘அடுத்த வருஷம்’ என்றேன். அதற்கு அடுத்த வருடம் அவள் இல்லை.

வருஷாப்திகம் முடிந்ததும் அந்தப் பக்கத்தை என் மகள் நந்தினி கண்டெடுத்தாள். அம்மா எழுதியபடியே வெள்ளிக்கிழமை புறப்பட்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புவது என்று அவளும், என் வங்காளி மாப்பிள்ளை ஷுபோவும் தீர்மானித்தார்கள். விசாவும் வாங்கியாயிற்று. நான் முதலில் முழங்கால் வலி என்றேன். பிறகு பல் டாக்டர் என்றேன். இப்படி இரண்டு முறை தள்ளிப்போட்டதில், விசா காலாவதியாவதற்கு முன் ஒரே ஒரு வார இறுதிதான் மிஞ்சியது.

அதற்கு முந்தைய வாரத்தில்தான் தடயங்கள் சேரத் தொடங்கின. நான் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. ஷுபோ கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். ஒரு நாள் நடைப்பயிற்சி முடிந்து வந்தபோது அவன் என் அறையில் நாடாவை வைத்து என் கட்டிலை அளந்துகொண்டிருந்தான்.

“என்னப்பா இது?”

“சும்மா, அப்பா,” என்றான். “நீளம் பார்த்தேன்.”

சும்மா நீளம் பார்ப்பவனை நான் பணிக்காலத்தில் சந்தித்ததே இல்லை. கட்டிலுக்கு நேர் எதிரே வைதேகியின் பீரோ இருக்கிறது. அவள் புடவைகள் அவள் மடித்த மடிப்பிலேயே உள்ளே இருந்தன. அதை யாரும் தொடக் கூடாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை; ஒருவரும் தொடாதபடி சாவியை என் தலையணைக்கடியில் மட்டும் வைத்திருந்தேன். இப்போது எனக்கு எல்லாம் விளங்கியது. டாக்கா என்பது ஒரு சாக்கு. என்னை எல்லைக்கு அப்பால் மூன்று நாள் நடத்திச் சென்றுவிட்டு, இங்கே ஆட்களை விட்டு பீரோவைக் காலி செய்து, கட்டிலையும் தூக்கி, என் அறையை இளைய தலைமுறைக்கு ஏற்றபடி மாற்றப்போகிறார்கள். (மகளும் மாப்பிள்ளையும் கூடவே டாக்கா வருகிறார்களே என்ற சின்ன இடறல் என் வாதத்தில் இருந்தது. கூட்டாளிகள் இருப்பார்கள் என்று அதைத் தாண்டிவிட்டேன்.)

பாஸ்போர்ட் இல்லாமல் பயணம் இல்லை. அதை எங்கே ஒளிப்பது? கடத்துபவர்களின் மூளை எப்படி வேலை செய்யும் என்று எனக்குத் தெரியும் என்பதால் சுலபமாக முடிவு செய்தேன். திங்கட்கிழமை காலை, பீரோவின் அடித்தட்டில் இருந்த வைதேகியின் ஒன்பது கஜ நூல் புடவையின் நடு மடிப்பில் என் பாஸ்போர்ட்டைச் செருகினேன். வீட்டில் இனி யாரும் மடிசார் கட்டப்போவதில்லை. உலகத்திலேயே பாதுகாப்பான இடம்.

வியாழக்கிழமை மாலை, பெட்டிகள் கூடத்துக்கு வந்தபின், பாஸ்போர்ட்டைக் காணோம் என்று அறிவித்தேன். அறிவித்ததோடு நின்றிருக்கலாம். தேடுதல் வேட்டைக்குத் தலைமையும் தாங்கினேன். மாப்பிள்ளையின் மேசை இழுப்பறையைக் கவிழ்த்தேன். கடைசியாக என் அறைக்குள் யார், எப்போது, எதற்காக வந்தார்கள் என்று முறையாக விசாரித்தேன். அந்தப் பையன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். அந்தப் பொறுமையையும் சந்தேகித்தேன்.

நந்தினி மட்டும் தேடாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா மூணு தடவை கேட்டா. மூணு தடவையும் அடுத்த வருஷம்னே. இப்ப பாஸ்போர்ட்டையே காணோம்ங்கறே,” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அம்மாவைப் போலவே சொன்னாள்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். கண்டெடுத்த மாதிரி ஒரு பாவனையோடு வெளியே வந்துவிடலாம் என்று பீரோவைத் திறந்தேன். அடித்தட்டில் ஒன்பது கஜம் இல்லை. அதன் மேலிருந்த ஐந்து நூல் புடவைகளும் இல்லை.

கூடத்துக்கு வந்து, “பீரோவைத் தொறந்தது யார்?” என்றேன்.

நந்தினி ஷுபோவைப் பார்த்தாள். ஷுபோ மின்விசிறியைப் பார்த்தான்.

“பாஸ்போர்ட் தேடறச்சே பீரோவை ஏன்ப்பா தொறந்தே?” என்றாள் அவள்.

இரண்டு பக்கமும் குற்றவாளிகள் நிற்கும் விசாரணையில் யார் முதலில் வாய் திறப்பது என்பதே கேள்வி. அவள்தான் திறந்தாள். வங்காளத்தில் பழைய புடவைகளை எறிவதில்லை. அடுக்கித் தைத்துக் காந்தா என்று போர்வை ஆக்குவார்கள். நூல் புடவை எவ்வளவு பழசோ அவ்வளவு நல்லது. குளிர்காலத்துக்குள் எனக்கு அப்படி ஒன்று செய்து தர வேண்டும் என்று அவளும் ஜாதவ்பூரில் இருக்கும் அவள் மாமியாரும் திட்டம் போட்டிருந்தார்கள். கட்டிலை அளந்தது அதற்கு. நான் நடைப்பயிற்சிக்குப் போயிருந்தபோது நந்தினிதான் தலையணைக்கடியில் இருந்த சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்திருக்கிறாள். சம்பந்தி அம்மாளிடம் மாதம் ஒருமுறை வரும் தையல்காரி மாலதி செவ்வாய்க்கிழமை வந்து மூட்டையை வாங்கிப் போய்விட்டாள். அவளுடைய கிராமம் எல்லையை ஒட்டி இருக்கிறது.

“ஒன்பது கஜம் ரொம்ப மெத்துனு இருந்ததுப்பா. அதான் மேல் பக்கத்துக்குக் குடுத்தேன். நீ திட்டுவேன்னு தெரியும்,” என்றாள் நந்தினி.

நான் திட்டவில்லை. அந்த மெத்தென்ற மேல் பக்கத்தின் நடு மடிப்பில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொன்னேன். ஷுபோ சிரிப்பை அடக்க முயன்று முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். மாலதியின் கைப்பேசி அணைந்திருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெட்டிகளோடு புறப்பட்டோம். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேரே எல்லைக்குப் போய்விடலாம் என்பது திட்டம். காரில் வைதேகியின் நோட்டு நந்தினியின் மடியில் இருந்தது. வைதேகி எழுதிய அதே வழிதான்.

மாலதி எங்களைக் கண்டதும் நடுங்கிவிட்டாள். எல்லைக் கிராமத்தில், புடவைக்குள் இருந்து ஒரு பாஸ்போர்ட் விழுந்தால், அதுவும் ஒரு சுங்க அதிகாரி வீட்டு மூட்டையில் இருந்து விழுந்தால், அதைச் சோதனைக்காக வைத்த பொறி என்று நினைக்காதவள் முட்டாள். மாலதி முட்டாள் அல்ல. கைப்பேசியை அணைத்துவிட்டு, பாஸ்போர்ட்டை அன்றே போலீஸ் அவுட்போஸ்ட்டில் ஒப்படைத்திருந்தாள். என்னைவிட நன்றாகச் சந்தேகப்படத் தெரிந்த ஒருத்தியை அன்றுதான் கண்டேன்.

அவுட்போஸ்ட்டில் இருந்த இளம் அதிகாரி மரியாதையாக நாற்காலி போட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். அந்தத் தாளை நான் அறிவேன். அதன் மறுபக்கத்தில்தான் என் வாழ்க்கை முழுவதும் உட்கார்ந்திருந்தேன்.

“இதைப் புடவைக்குள் மறைத்தது யார்?”

“நான்.”

“யாரிடமிருந்து?”

“என் மகளிடமிருந்து.”

அவர் தலை நிமிர்ந்து, வாசலில் நின்ற நந்தினியைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். “ஏன் அந்த இடம்?”

“அதை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தேன்.”

“யாருடைய புடவை?”

“என் மனைவியுடையது.” தாளைப் பார்த்தபடி, “காலமாகிவிட்டாள்,” என்றேன். அதுவரை இந்தச் சொல்லை நான் வெளியாள் எவரிடமும் சொன்னதில்லை. முதல் முறையாகச் சொன்னது ஒரு வாக்குமூலத்தில் என்பது என் தகுதிக்குச் சரியாகத்தான் இருந்தது.

அவர் பேனாவை வைத்துவிட்டுத் தேநீர் வரவழைத்தார். விவகாரம் புரிகிறது, ஆனால் பாஸ்போர்ட்டைத் திருப்பித்தர மேலதிகாரியின் கையெழுத்து வேண்டும், அவர் விடுப்பில் இருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றார். கிடர்பூரில் நான் எத்தனை பேரிடம் ‘திங்கட்கிழமை வாருங்கள்’ என்று சொல்லியிருப்பேன்! விசா ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது.

திரும்பும் வழியில் மாலதி வீட்டு வாசலில் காரை நிறுத்தச் சொன்னேன். முற்றத்துப் பாயில் ஒன்பது கஜம் விரிந்திருந்தது. ஒரு ஓரத்தில் தையல் தொடங்கியிருந்தது.

“வெட்டியாயிற்றா?” என்று வங்காள மொழியில் கேட்டேன்.

இல்லையாம். காந்தாவுக்குப் புடவையை வெட்டமாட்டார்களாம்; மடிப்பார்களாம். கரையைத் தூக்கிக் காட்டினாள். முழுசாக இருந்தது. தைக்கட்டும் என்றேன். நந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் காந்தா வந்து சேர்ந்தது. தலைமாட்டு ஓரத்தில், சம்பந்தி அம்மாளின் உத்தரவுப்படி, ஒரு பாஸ்போர்ட் அளவுக்குச் சரியாக ஒரு சிறு பை வைத்துத் தைத்திருந்தாள் மாலதி. இன்று எங்கள் வீட்டில் கண்ணாடியோ கார் சாவியோ எது காணாமல் போனாலும், “ஒன்பது கஜத்துல பார்த்தியா?” என்பதுதான் முதல் கேள்வி. வங்காளிச் சம்பந்திகள்கூட அதைத் தமிழிலேயே கேட்கிறார்கள்.

டாக்கா இன்னும் அடுத்த வருடத்தில்தான் இருக்கிறது. பாஸ்போர்ட் அந்தப் பையில்தான் இருக்கிறது; தினமும் படுக்கும் முன் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பீரோச் சாவி கூடத்து ஆணியில் தொங்குகிறது.